கட்டில் மேல் போன கோடு

சத்தியம் சார், சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் இந்த பஸ்ஸின் சக்கரம் நாலும் கழன்று அந்த மக்காச்சோளக் காட்டுக்குள் உருண்டு போகட்டும். தாமிரபரணித் தண்ணீர் மேல் சத்தியம். பாருங்கள், பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இதற்கு மேல் உங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

சத்தம் போட்டுவிட்டேனோ? கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம். முன் சீட்டில் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருத்தி தூங்குகிறாள் பாருங்கள், அவள்தான் என் வீட்டுக்காரி, ஆவுடை. பஸ் ஏறினால் ஐந்து நிமிஷம் தாங்க மாட்டாள். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

நீங்கள் மதுரைப் பக்கம் என்றீர்கள் இல்லையா? மகன் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது. நான் அம்பாசமுத்திரம். பெயர் தளவாய். இங்கே யாருக்கும் அது வாயில் வராது, 'டேவ்' என்பார்கள். அறுபத்தொன்பதில் வந்தேன். டன்மோர் கவுண்டி என்று இந்த ஊர் ஜில்லாவுக்குப் பெயர். அதன் மேப் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் டிராப்ட்ஸ்மேன். கோடு போடுகிற வேலை. அமெரிக்காவில் நான் போட்ட கோடுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டினால் அம்பாசமுத்திரம் போய்த் திரும்பி வரலாம்.

எங்களுடையது ஒன்பதாம் தொகுதி. நம்ம ஊரில் எம்.பி. என்போமே, அதை இங்கே காங்கிரஸ்மேன் என்பார்கள். வாஷிங்டனில் போய் உட்காருகிறவர். ஒன்பதாம் தொகுதியின் சரித்திரத்தை என்னைவிடத் தெரிந்தவர் இந்த மாநிலத்திலேயே கிடையாது. கேளுங்கள்.

முதல் காங்கிரஸ்மேன் பெயர் ஹெஸகையா ப்ளம். ரயில் வராத காலம். ஜெயித்தார், குதிரை மேல் ஏறினார், வாஷிங்டனுக்குக் கிளம்பினார். ஆறு வந்தது. குதிரை இறங்க மாட்டேன் என்றுவிட்டது. தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கேரட் காட்டினார். ம்ஹூம். அந்தக் கரையிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மீன் பிடித்துத் தின்றுகொண்டு, இரண்டு வருஷப் பதவிக் காலத்தையும் முடித்தார். மனிதர் ஒரு தப்பான சட்டம்கூடக் கொண்டுவரவில்லையே என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள். குதிரைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் சார். அவருக்கு இல்லை.

அப்புறம் எல்மர் ஸ்டௌட். பன்றிப் பண்ணைக்காரர். இருபத்தெட்டு வருஷம் பதவியில் இருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் சபையில் எழுந்து பேசியது ஒரே ஒரு தடவை: 'ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், குளிருகிறது.' அது ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த தேர்தலில் அதையே சாதனை என்று போஸ்டர் அடித்தார். ஜெயித்தார்.

அவருக்கு அடுத்து வந்தவர்தான் டெல்பர்ட் ஹாஸ். யானைக் கட்சி. இங்கே ஒரு கட்சிக்கு யானை, இன்னொன்றுக்குக் கழுதை. சிரிக்காதீர்கள். நம்ம ஊரில் கழுதைச் சின்னம் ஒதுக்கினால் வேட்பாளர் அழுதுகொண்டே ஊரைவிட்டு ஓடிவிடுவான். இங்கே பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். டெல்பர்ட் அதற்கு முன்னால் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் பேசுகிற வேகம் இருக்கிறதே, வாஷிங்டனில் யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடாது. தலையைச் சொறிந்தவன், மூக்கைத் துடைத்தவன் எல்லாரையும் 'ஆதரவு' என்று எண்ணிக்கொண்டு தீர்மானத்தை முடித்து மேசையைத் தட்டிவிடுவார்.

என் கதை இவர் காலத்தில்தான் நடந்தது. எண்பத்து ஒன்று, எண்பத்து இரண்டு.

இங்கே பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனத்தொகை எடுத்ததும் தொகுதி எல்லையைத் திருப்பி வரைவார்கள். அதற்குள் இரண்டு கட்சிக்கும் குடுமிப்பிடி. இந்த ஊரை எனக்குக் கொடு, அந்தத் தெருவை நீ எடுத்துக்கொள் என்று எட்டு மாதம் சண்டை. வடக்கே ஒன்பதாம் தொகுதி, தெற்கே பத்தாம் தொகுதி. நடுவில் கோடு எங்கே போவது என்று முடியவே இல்லை. கடைசியில் பென்சிலால் ஒரு உத்தேசக் கோடு போட்டு, மையில் வரையச் சொல்லி மேப்பை எங்கள் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். கோடு நேராகக் கவுண்டி ரோட்டின் மேல் போயிற்று. எங்கள் வீட்டுக்கு அரை மைல் தெற்கே. ஒரு வம்பும் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு. சுண்டவத்தல் குழம்பு.

ஆவுடை கொடுத்துவிடுகிற டப்பா ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர். மூடி கொஞ்சம் லூஸ். மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். போன் அடித்தது, முழங்கை பட்டது. அவ்வளவுதான். குழம்பு மேப்பின் மேல் ஓடி, கவுண்டி ரோட்டில் ஆரம்பித்து, வடக்கே வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ரோட்டுக்கு வந்து நின்றது. நடுவில் ஒரு சுண்டவத்தல் தனியாகத் தீவு மாதிரி உட்கார்ந்திருந்தது.

துடைத்தேன். ஒற்றினேன். நல்லெண்ணெய்க் கறை எங்கேயாவது போகுமா? போகவில்லை. மேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். போனால் கோட்டை முடிவு செய்கிற கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் மேப்பைச் சுற்றி நிற்கிறார்கள். யானைக் கட்சிக்காரர் கறையைப் பார்க்கிறார், கழுதைக் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்கிறார். கழுதைக்காரர் இவர் முகத்தைப் பார்க்கிறார். ஒவ்வொருவருக்கும் மற்றவன்தான் ராத்திரியோடு ராத்திரியாக விட்டுக்கொடுத்துப் புதுக் கோடு போட்டிருக்கிறான் என்று நினைப்பு.

"இது நியாயமான கோடு" என்றார் ஒருவர்.

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றார் இன்னொருவர். "அந்தக் குட்டி வட்டம்கூட நன்றாக யோசித்துப் போட்டது."

ஆறுக்கு ஆறு. ஏகமனது. எட்டு மாதச் சண்டை எட்டு நிமிஷத்தில் முடிந்தது. கறையின் ஓரத்தை ஒரு நூல் பிசகாமல் நானே மையால் வரைந்து கொடுத்தேன். அந்த வத்தல் தீவில் ஒரு குடும்பமும் நாற்பது பன்றிகளும் இருந்தார்கள். பத்தாம் தொகுதிக்கு நடுவே ஒன்பதாம் தொகுதி. அவர்கள் ஓட்டுப் போட ஒன்பது மைல் வர வேண்டும். இன்றுவரை அவர்களுக்குக் காரணம் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம், 'மேப் முடிஞ்சுது, சாயங்காலம் கேக் வெட்டினாங்க' என்று மட்டும் சொன்னேன். டப்பாவைக் கழுவி வைத்திருந்தேன்.

"இன்னிக்கு என்ன, டப்பாவை நீங்களே கழுவிட்டிய?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன். என் சாமர்த்தியம் அப்படி. அவளுக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

மார்ச் மாதம் ஆவுடை உண்டானாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து. அந்தப் பதினோரு வருஷத்தை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சந்தோஷமான கதை சொல்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் முதல் வாரம் என்று நாள் சொன்னார்கள். அவளுக்கு அம்மா கிடையாது. அக்கா ஒருத்தி, பிரமு. தூக்கி வளர்த்தது அவள்தான். "பிரமு அக்கா பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்" என்றுவிட்டாள் ஆவுடை. 'உன் இஷ்டப்படி நடக்கிற காரியமா அது' என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பிரமு அக்கா விசாவுக்குப் போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், 'நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டாராம். 'என் எருமை சினையா இருக்குல்லா, அதை யாரு பாப்பா?' என்றாளாம் அக்கா. முத்திரை விழுந்தது: இல்லை. மறுபடியும் போனாள். எருமை கன்று போட்ட சேதியையும் சொன்னாள். மறுபடியும் இல்லை.

ஆபீஸில் ஒருவன் சொன்னான்: "டேவ், உன் காங்கிரஸ்மேன் ஒரு கடுதாசி எழுதினால் நடக்கும். அவர்கள் வேலையே அதுதான்."

டெல்பர்ட் ஹாஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள், புது மேப்பை விரித்து, கண்ணாடியை மாட்டிப் பார்த்து, "உங்கள் வாசல் கதவு பத்தாம் தொகுதியில் இருக்கிறதே" என்றாள். சரி என்று பத்தாம் தொகுதிக்குப் போனேன். அங்கே காங்கிரஸ்மேன் ஒரு பெண், மிஸஸ் லிண்ட்க்விஸ்ட். கழுதைக் கட்சி. பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர். ஆறடி உயரம். அவர் எதிரே உட்கார்ந்தால் நகத்தைக் காட்டச் சொல்வாரோ என்று இருக்கும். அவர் ஆளும் மேப்பை விரித்தான். "உங்கள் சமையலறை ஒன்பதாம் தொகுதியில் இருக்கிறது சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். கோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே போகிறது! வடக்குப் பக்கம் சமையலறை ஒன்பது. தெற்குப் பக்கம் வாசல் அறை பத்து. படுக்கையறையில் நட்டநடுவே. நான் கொட்டிய குழம்பு என் வீட்டையே பிளந்துவிட்டது. புதுக் கோடு நவம்பர் தேர்தலுக்குத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். ஆபீஸ்காரனுக்கு ஒரு வேலையைத் தள்ளிவிட வழி கிடைத்தால் விடுவானா? எந்தத் தேசமாக இருந்தால் என்ன! ஒன்பது பத்தைக் காட்டியது, பத்து ஒன்பதைக் காட்டியது. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, ஜூன் போயிற்று. ஆவுடை ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் மேப்பைச் சபித்தேன், கமிட்டியைச் சபித்தேன். குழம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

கவுண்டி ஆபீஸில் வாக்காளர் பட்டியலைப் பார்க்கிறவள் வெர்னா என்று ஒரு அம்மாள். அவளிடம் போய் நின்றேன். அவள் தடித்த புத்தகத்தைப் புரட்டி, "வீட்டைக் கோடு வெட்டினால், எங்கே தூங்குகிறீர்களோ அதுதான் உங்கள் தொகுதி" என்றாள். கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படுக்கையறையில் மண்டி போட்டு அளந்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோடு கட்டிலின் இடுப்பில் போகிறது. தலைமாடு தெற்கே, பத்தாம் தொகுதி. கால்மாடு வடக்கே, ஒன்பதாம் தொகுதி.

புத்தகத்தில் கட்டிலைப் பற்றி ஒன்றும் இல்லை. மாநிலத் தலைநகருக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் காத்திருந்து பதில் வாங்கினாள். தலையணை எங்கேயோ அங்கே.

"அப்ப பத்தா?" என்றேன்.

"இன்றைக்குப் பத்து" என்றாள் வெர்னா. "நாளைக்குத் திருப்பிப் போட்டுப் படுத்தால் ஒன்பது."

"திருப்பிப் போடுறதா?" கட்டிலில் படுத்திருந்த ஆவுடை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வடக்கே தலை வச்சுப் படுக்கச் சொல்லுதாளா அவ? அதுவும் பிள்ளத்தாச்சியை? அவகிட்ட சொல்லுங்க, செத்தாலும் முடியாதுன்னு. இல்ல, வேண்டாம், அது தப்பாப் போயிரும். முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் வெர்னாவுக்கு மொழிபெயர்த்தேன். "எங்கள் பக்கம் வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டோம்." அவள் அதைப் பென்சிலால் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். 'திருப்ப இயலாது. தள்ள மட்டும் இயலும்.' இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

தள்ள இயலும்தான். கட்டிலை நாலு அடி வடக்கே தள்ளினால் தலையணை கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் கால்மாடு கதவு வழியாகச் சமையலறைக்குள் போய் அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் ஆபீஸிலிருந்து சிவப்பு ஒட்டு டேப் கொண்டுவந்து, கோடு போகிற இடத்தில் தரையில் ஒட்டி வைத்தேன். எல்லாம் கணக்காக இருக்க வேண்டும் இல்லையா?

ஆகஸ்டில் கவுண்டி பொருட்காட்சி வந்தது. நம்ம ஊர்ச் சித்திரைத் திருவிழா மாதிரி, சாமி மட்டும் இருக்காது. பன்றிக்குப் போட்டி, பூசணிக்குப் போட்டி, ஊறுகாய்க்குப் போட்டி. வெண்ணெயில் செய்த பசுமாடு ஒன்று, ஆள் உயரம், கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும். ஆவுடை எலுமிச்சங்காய் ஊறுகாயைப் போட்டிக்கு வைத்தாள். நடுவர் ஒரு துண்டு வாயில் போட்டார். நேரே ஓடினார், கூண்டைத் திறந்தார், வெண்ணெய்ப் பசுவின் முதுகை நக்க ஆரம்பித்தார். மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். மாட்டுக்குத் திமில் போய்விட்டது. ஆவுடைக்கு மூன்றாம் பரிசு.

அந்தப் பொருட்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் பெயர் எழுதிய கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மக்காச்சோள மணியை எடுத்து, பிடித்தவர் ஜாடியில் போடலாம். நான் வருஷா வருஷம் போடுவேன். அன்றைக்கும் போய் டெல்பர்ட் ஜாடிக்கு ஒன்று போட்டேன். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு பல் டாக்டர். இரண்டு ஜாடியும் கழுத்துவரை சமமாக இருந்தது. மிஸஸ் லிண்ட்க்விஸ்ட் ஜாடியும் அவர் எதிரி ஜாடியும் அதே மாதிரி. அந்த வருஷம் யாருக்கும் ஜெயம் நிச்சயமில்லை. ஒவ்வொரு மணியும் தங்கம்.

திரும்பிப் பார்த்தால், தூரத்தில் ஊறுகாய்ப் பந்தலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஆவுடை டெல்பர்ட் ஹாஸோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்து கேட்கிறார். மாட்டு ஏலக்காரர், மூச்சு விடாமல் பேசுகிறவர், பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார். அவர் போன பிறகு மிஸஸ் லிண்ட்க்விஸ்ட். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போகும்போது ஊறுகாய் பாட்டில் ஒன்று கையில்.

"என்னளா பேசினே?" என்றேன்.

"ஊறுகாய் எப்படிப் போடுறதுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான் சாப்பிட்டாங்க."

பெண்கள் பேச்சு, விட்டுவிட்டேன். எனக்கு அப்போது வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எப்படி இந்த இரண்டு பேரையும் மடக்குவது என்று.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஆவுடை, "காத்தே வரல்ல. கட்டிலை வடக்கே தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். தேக்கு மாதிரி ஒரு மரம் சார் அது, ஓக். முதுகு விட்டுப்போயிற்று. நாலு நாள் கழித்து, "அடுப்புச் சூடு கால்ல அடிக்கி. தெற்கே தள்ளுங்க." தள்ளினேன். அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் வடக்கு. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆயிரம் அசௌகரியம் இருக்கும், நாம் கேட்கலாமா? செப்டம்பர் முடிவதற்குள் பதினோரு தடவை தள்ளினேன். இதிலேதான் என் தந்திரம் பலித்தது. கட்டில் போய்ப் போய் வருவதைப் பார்த்து இரண்டு கட்சிக்காரர்களும் வேவு பார்க்க ஆள் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் கார்கள் மெதுவாகப் போக ஆரம்பித்தன. யானைக்காரன் ஒருவன் மேப்பிள் மரத்தில் ஏறி பைனாகுலரால் பார்த்தான். கழுதைக்காரன் பால்காரன் மாதிரி வேஷம் போட்டு வந்தான். பால்காரனே எங்கள் தெருவுக்கு வந்து ஆறு வருஷமாயிற்று.

ஆவுடை ஜன்னல் திரையை மூடவே விட மாட்டாள். "வெளிச்சம் வரட்டும்" என்பாள். வெகுளி.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒரே ஓட்டுதான். ஆவுடைதான் எழுபத்தொன்பதிலேயே சிட்டிசன் ஆனாள். நான் ஆகவில்லை. அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோமே, எதற்கு வீணாக விண்ணப்பம் என்று இருந்தேன். இரண்டாயிரத்து நாலு வரைக்கும் அப்படியே இருந்தேன். அதுவரை நான் போட்டதெல்லாம் மக்காச்சோள ஓட்டுதான். ஆனால் ஒன்பதாம் தொகுதி என் கையில்தான் இருந்தது, அதில் மாற்றமில்லை.

அக்டோபர் முதல் வாரம். ஒரே நாளில் இரண்டு கடுதாசி விசா ஆபீஸுக்குப் போயிற்று. ஒன்று யானை முத்திரை, ஒன்று கழுதை முத்திரை. ஜன்னல்காரர் ஆடிப்போய்விட்டார். இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து ஒரு காரியத்தைக் கேட்பது யுத்தம் வந்தால்தான் நடக்கும். பிரமு அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அம்மா, நீங்கள் யார்?" என்று கேட்டாராம்.

"நான் பிரமு. போன தடவையும் சொன்னேனே. எருமைக் கன்னு இப்ப நல்லா நடக்கு" என்றாளாம்.

முத்திரை விழுந்தது. அக்டோபர் இருபத்தாறாம் தேதி அக்கா வந்து இறங்கினாள். ஒரு கையில் பெருங்காய டப்பா, ஒரு கையில் அரைஞாண் கயிறு. விமான நிலையத்தில் ஆவுடை ஓடின ஓட்டத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். ஒன்பது மாதக்காரி. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் பெட்டி சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று சுற்று வந்த பிறகுதான் நான் எடுத்தேன்.

அக்கா வீட்டுக்குள் வந்ததும் முதலில் கேட்டது: "தரையில என்னடி செவப்புக் கோடு?"

ஆவுடை என்னைப் பார்த்தாள். "அதுவாக்கா, அவுக ஆபீஸ்ல போட்ட கோடு. வீட்டு வரைக்கும் வந்துட்டு."

சரியாகத்தான் சொன்னாள், இல்லையா?

நவம்பர் இரண்டு, தேர்தல். காலையில், "கடைசியா ஒரு தடவை தள்ளுங்க" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் வலி எடுத்துவிட்டது. கட்டில் பாதியில் நின்றது. காரை எடுத்தேன். "சர்ச்சுக்குப் போங்க முதல்ல" என்கிறாள். சர்ச் நிலவறையில்தான் வாக்குச்சாவடி. இரண்டு தொகுதிக்கும் ஒரே இடம், மேசை மட்டும் வேறு.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? பிள்ளை வருதுடி!" என்கிறாள் அக்கா.

"வரட்டும். வாக்குக் கொடுத்திருக்கேன்" என்கிறாள் இவள்.

யாருக்கு வாக்குக் கொடுத்தாள்? எனக்கென்ன தெரியும்? அக்காவைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நான் உள்ளே போக முடியாது, வாசலில் நின்றேன். மேசையில் வெர்னா. உள்ளே ஏதோ பேச்சு, ஒரு சிரிப்பு. ஏழு நிமிஷத்தில் ஆவுடை மேலே வந்தாள். முகத்தில் வேர்வை, உதட்டில் சிரிப்பு. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு மைல். பதினான்காவது மைலில் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில், கார் பின்சீட்டில், பிரமு அக்கா கையில். எருமைக்குப் பார்த்த கை, பிசகவில்லை.

டெல்பர்ட் ஹாஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். மிஸஸ் லிண்ட்க்விஸ்டும் ஜெயித்தார். பத்து நாளில் இரண்டு வெள்ளி ஸ்பூன் வந்தது. ஒன்றில் யானை, ஒன்றில் கழுதை. கூட வந்த இரண்டு துண்டுச் சீட்டிலும் ஒரே வாசகம்: 'உங்கள் ஓட்டை மறக்க மாட்டேன்.' எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு ஓட்டு, இரண்டு நன்றி. இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "ரகசிய ஓட்டு" என்பாள், அவ்வளவுதான். குழந்தைக்கு நவமணி என்று பெயர் வைத்தது அக்கா. கழுதை ஸ்பூனில் சாப்பிட்டு வளர்ந்தது அது. யானை ஸ்பூன் ஊறுகாய்க்கு.

இப்போது எங்கே போகிறோம் என்று கேட்டீர்கள் இல்லையா? மாநிலத் தலைநகருக்கு. இந்தத் தடவை ஜனத்தொகை குறைந்துவிட்டதாம். வாஷிங்டனில் மாநிலத்துக்கு ஒரு இடம் குறைகிறது. ஒன்பதாம் தொகுதியை அழித்துவிட்டு, பத்தோடு சேர்த்து, எல்லாவற்றையும் நேர்க்கோடாகப் போடப்போகிறார்கள். இன்று பொதுமக்கள் கருத்துக் கேட்பு. ஆளுக்கு மூன்று நிமிஷம், மைக்கில் பேசலாம். நான் பேசப்போவதில்லை. ஹெஸகையா ப்ளமின் குதிரையைப் பற்றி மூன்று நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்? ஆனால் புது மேப்பை மேசை மேல் விரித்து வைத்திருப்பார்களாம், யார் வேண்டுமானாலும் கிட்டே போய்ப் பார்க்கலாமாம்.

இதோ பாருங்கள், பையில். அதே டப்பா. அதே சுண்டவத்தல் குழம்பு.

சிரிக்காதீர்கள் சார்! எல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு முயற்சி. அந்தக் கோடு இல்லாவிட்டால் பிரமு அக்கா எங்கே, இரண்டு கடுதாசி எங்கே? ஒழுங்கான ஒரே தொகுதியில் இருந்திருந்தால் ஒரு கடுதாசிதான் போயிருக்கும், அதையும் குப்பையில் போட்டிருப்பார்கள். நேர்க்கோட்டால் யாருக்கு என்ன லாபம் ஆகியிருக்கிறது? சிவப்பு டேப் இன்னமும் எங்கள் தரையில் இருக்கிறது. நவமணியின் பிள்ளைகள் அதன் மேல் ஒற்றைக் காலில் குதிக்கிறார்கள். அது வெறும் தரை ஆகிவிடக் கூடாது சார்.

காலையில் நான், "கருத்துக் கேட்புக்குப் போறேன், மத்தியானம் சாப்பிட என்ன இருக்கு?" என்று சும்மா கேட்டேன். நான் வாயைத் திறந்து குழம்பு என்று சொல்லவே இல்லை. ஆவுடை அவளாகவே வைத்துக் கொடுத்தாள். வீட்டில் எத்தனையோ பிளாஸ்டிக் டப்பா, இறுக்கிப் பூட்டுகிற மூடி. அதையெல்லாம் தள்ளிவிட்டு, பரணில் ஏறி இதை எடுத்து, எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டு, "மூடி லூசு, தெரியும்லா? அன்னிக்கு மாதிரி மேசை ஓரத்துல வச்சிராதிய" என்றாள். நானும் வரேன் என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேசை ஓரம் என்று அவளுக்கு எப்படி...? பொதுவாகச் சொல்லியிருப்பாள். எல்லா மேசைக்கும் ஓரம் இருக்கிறது.

அதோ, தலைநகர் கோபுரம் தெரிகிறது. இறங்க வேண்டும். சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகன் கேட்டாலும், மருமகள் கேட்டாலும், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பஸ்ஸில் ஒரு கிழவன், பெயர் தெரியாது, அவ்வளவுதான். முக்கியமாக இவளுக்கு. நாற்பது வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம். பாவம், ஒன்றும் தெரியாமல் தூங்குகிறாள்.

அவள் தோள் குலுங்குகிறதா? அட, பஸ் குலுங்குகிறது சார். இந்த ஊர் ரோடு அப்படி.